பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெள்ளையாக வந்தால் அது சல்பேட்தானா?

பள்ளி ஆய்வகத்தில் தெரியாத உப்பு ஒன்று கொடுத்தார்கள், கரைசலில் பேரியம் குளோரைடு சேர்த்ததும் வெண்ணிற வீழ்படிவு வந்தது, சல்பேட் என்று எழுதினேன், ஆனால் அது சோடியம் கார்பனேட் என்று சொல்லி மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். கூடவே இரண்டு கேள்விகளையும் கேட்டிருக்கிறீர்கள். சோதனை பொய் சொல்லுமா? முழு அட்டவணையையும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லையா? இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான் என்று நினைக்கிறேன். சோதனைக்குழாயில் ஒரு மாற்றத்தைக் கண்டவுடன் ஓர் அயனியின் பெயரைச் சொல்லும் உரிமை நமக்கு எப்போது வருகிறது?

பள்ளி மாணவர்களுக்கு உப்புப் பகுப்பாய்வு கற்றுக்கொடுப்பதிலேயே என் வேலைநாள்களில் பெரும்பகுதி போயிருக்கிறது. நீங்கள் செய்த தவறை ஒவ்வோர் ஆண்டும் பலர் செய்யப் பார்த்திருக்கிறேன். அவர்களில் பலர் அட்டவணையை நன்றாகப் படித்தவர்கள். நான் சொல்லப்போவது சோதனைக்குழாயில் செய்யும் ஈரமுறைச் சோதனைகளுக்கு மட்டுமே பொருந்தும். கருவிகளைக் கொண்டு செய்யும் பகுப்பாய்வு வேறு துறை, அது என் துறை அல்ல.

உங்கள் வீழ்படிவு பொய் சொல்லவில்லை. "பேரியத்தோடு சேர்ந்து நீரில் கரையாத வெண்ணிறப் பொருளைத் தரும் ஏதோ ஓர் அயனி இங்கே இருக்கிறது" என்று மட்டுமே அது சொன்னது. சல்பேட் என்ற பெயரைச் சேர்த்தது நீங்கள். உண்மையில் எந்தச் சோதனையும் ஓர் அயனியின் பெயரைச் சொல்வதில்லை. சில அயனிகளை விலக்கும், சிலவற்றை மிச்சம் வைக்கும். அடுத்தடுத்த சோதனைகளால் விலக்கிக்கொண்டே போய் ஒன்றே ஒன்று மிஞ்சும்போதுதான் பெயர் எழுதலாம். செய்முறையில் வரும் ஒவ்வொரு சின்ன அறிவுரைக்கும், அமிலம் சேர், கொதிக்க வை, மிகுதியாக ஊற்று, புதிதாகத் தயாரித்த கரைசலைப் பயன்படுத்து என்பவை எல்லாவற்றுக்கும், பின்னால் விலக்கப்பட வேண்டிய ஓர் அயனி ஒளிந்திருக்கிறது. அது எது என்று தெரிந்துகொண்டால் அறிவுரை தானாகவே நினைவில் நிற்கும்.

பேரியத்தையே எடுத்துக்கொள்வோம். பேரியம் சல்பேட் ஒரு லிட்டர் நீரில் சுமார் 2.5 மில்லிகிராம்தான் கரையும், மீதி அனைத்தும் வெண்மையாகப் படிந்துவிடும். பேரியம் கார்பனேட்டும் நீரில் மிகக் குறைவாகவே கரையும், அதுவும் வெண்மைதான். சல்பைட்டு, பாஸ்பேட், ஆக்சலேட் ஆகியவையும் பேரியத்தோடு வெண்ணிற வீழ்படிவைத் தருபவை. நடுநிலைக் கரைசலில் இவற்றைக் கண்ணால் பிரிக்க முடியாது. இப்போது நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்துப் பாருங்கள். கார்பனேட், சல்பைட்டு, பாஸ்பேட், ஆக்சலேட் எல்லாம் சல்பேட்டின் தாயான கந்தக அமிலத்தைவிட வலிமை குறைந்த அமிலங்களிலிருந்து பிறந்தவை. ஹைட்ரஜன் அயனி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்ளும். கரைசலில் இருக்கும் கார்பனேட் அயனி ஹைட்ரஜனோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாக வெளியேறிவிட, அந்த இழப்பை ஈடுகட்டத் திண்மம் கரைகிறது. கரைந்ததும் மறுபடி அமிலம் பிடித்துக்கொள்கிறது. இப்படியே வீழ்படிவு முழுவதும் காணாமல் போய்விடும். சல்பேட்டின் தாய் அமிலம் வலிமையானது, எனவே நீர்த்த அமிலத்தில் சல்பேட் அயனி ஹைட்ரஜனைத் தேடி அவ்வளவாகப் போகாது. பேரியம் சல்பேட் அசையாமல் நிற்கும். ஆக, "நீர்த்த அமிலத்தில் கரையாத வெண்ணிற வீழ்படிவு" என்பதில் சல்பேட்டைக் காட்டிக்கொடுப்பது "வெண்ணிற" என்ற சொல் இல்லை, "அமிலத்தில் கரையாத" என்ற சொல்தான்.

இந்த வேறுபாடு உயிரைக் காக்கவும் பறிக்கவும் கூடியது. பேரியம் அயனி நச்சு. ஆனாலும் குடல், இரைப்பையின் எக்ஸ்ரே படம் எடுப்பதற்கு முன் நோயாளிக்குப் பேரியம் சல்பேட்டை நீரில் கலக்கிக் குடிக்கக் கொடுக்கிறார்கள். இரைப்பையில் இருப்பதும் ஹைட்ரோகுளோரிக் அமிலம்தான், அதில் பேரியம் சல்பேட் கரையாமல் அப்படியே வெளியேறிவிடும். பேரியம் கார்பனேட்டோ எலிப் பாஷாணமாகப் பயன்பட்ட பொருள். இரைப்பை அமிலத்தில் கரைந்து பேரியம் அயனியை இரத்தத்தில் விட்டுவிடும். உங்கள் சோதனைக்குழாயில் நீங்கள் செய்யாமல் விட்ட அந்த ஒரு படியைத்தான் இரைப்பை செய்கிறது.

அமிலம் என்றால் ஏதோ ஓர் அமிலம் போதும் என்று இல்லை. கந்தக அமிலத்தைச் சேர்த்தால் நீங்களே சல்பேட்டை ஊற்றிவிட்டீர்கள், எந்த உப்பும் சல்பேட்டாகத் தெரியும். உப்பில் வெள்ளியோ காரீயமோ இருந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலமே வெண்ணிறக் குளோரைடை வீழ்படிவாக்கும். அப்போது நைட்ரிக் அமிலமும் பேரியம் நைட்ரேட்டும் எடுக்க வேண்டும். ஆனால் நைட்ரிக் அமிலம் சல்பைட்டைச் சல்பேட்டாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும், அதனால் அங்கே வேறு சிக்கல் வரும். புட்டியில் நாள்பட்ட சல்பைட்டு உப்பு காற்றுப் பட்டுத் தானாகவே ஓரளவு சல்பேட்டாக மாறியிருக்கும், அமிலம் சேர்த்த பிறகும் மெல்லிய கலங்கல் மிஞ்சும். அடியில் தடிமனாகப் படிவதற்கும் மெலிதாகக் கலங்குவதற்கும் உள்ள வேறுபாட்டை எழுதி வைப்பது நல்ல பழக்கம். "வெள்ளை வந்தது" என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதினால் பிறகு யோசிக்க ஒன்றுமிருக்காது.

உங்கள் விஷயத்தில் இன்னொன்றையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். எதிர்மின் அயனியைத் தேடும் அமில உறுப்புச் சோதனைகளுக்குப் பல பள்ளிகளில் சோடியம் கார்பனேட் சாறு தயாரிப்பார்கள். உப்பைச் சோடியம் கார்பனேட்டோடு கொதிக்க வைத்து, உலோகங்களைக் கார்பனேட்டுகளாக வடிகட்டி நீக்கி, எதிர்மின் அயனிகளை வடிநீரில் வைத்துக்கொள்வதற்காக. அந்தச் சாற்றில் மிகுதியான கார்பனேட் இருக்கும். அதில் பொங்குதல் நிற்கும்வரை அமிலம் சேர்க்காமல் பேரியம் குளோரைடை ஊற்றினால், உப்பு எதுவாக இருந்தாலும் வெள்ளை வரும். கார்பனேட்டைத் தேட இந்தச் சாறு உதவவே உதவாது, அதைத் திண்ம உப்பில்தான் தேட வேண்டும்.

சில்வர் நைட்ரேட் சோதனையின் தருக்கமும் இதுதான், அமிலம் மட்டும் மாறும். கார்பனேட், பாஸ்பேட், ஹைட்ராக்சைடு மூன்றுமே வெள்ளியோடு வீழ்படிவு தருபவை, நீர்த்த நைட்ரிக் அமிலம் அவற்றைக் கரைத்து விலக்கிவிடும். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சேர்த்தால் நாமே குளோரைடை ஊற்றியதாகிவிடும். சில்வர் குளோரைடு தயிர் போன்ற வெண்மை, புரோமைடு வெளிர் மஞ்சள், அயோடைடு மஞ்சள் என்று அட்டவணை சொல்லும். இந்த நிறங்களை நான் அதிகம் நம்புவதில்லை. வெளிர் மஞ்சளையும் வெள்ளையையும் ஆய்வக விளக்கொளியில் பிரித்துச் சொல்வது அனுபவசாலிக்கும் கடினம், அதிலும் சில்வர் குளோரைடு வெளிச்சத்தில் சற்று நேரத்திலேயே கருக்கத் தொடங்கிவிடும். அம்மோனியாவை நம்புங்கள். சில்வர் குளோரைடு, புரோமைடு, அயோடைடு ஆகியவற்றின் கரைதிறன் பெருக்கங்கள் (இந்த எண் சிறிதாகச் சிறிதாக உப்பு கரைவது கடினம்) முறையே சுமார் 10⁻¹⁰, 10⁻¹³, 10⁻¹⁶ என்ற அளவில் இறங்குபவை. அம்மோனியா வெள்ளி அயனியைத் தன்னோடு அணைவாகக் கட்டிக்கொள்ளப் பார்க்கும். குளோரைடின் பிடி தளர்வானது, நீர்த்த அம்மோனியாவிலேயே கரைந்துவிடும். புரோமைடைக் கரைக்க அடர் அம்மோனியா வேண்டும். அயோடைடு விட்டுக்கொடுக்காது. மூன்று நிறங்களுக்குப் பதிலாக மூன்று பிடிகளை ஒப்பிடுகிறோம். இதில் கண் ஏமாற வாய்ப்புக் குறைவு. ஒரே ஓர் எச்சரிக்கை: அம்மோனியாவில் கரைந்த வெள்ளிக் கரைசலை மூடி எடுத்து வைக்காதீர்கள். நாள்பட்டால் அதில் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகலாம். சோதனை முடிந்தவுடன் ஆசிரியரிடம் சொல்லி நைட்ரிக் அமிலத்தால் அமிலப்படுத்திக் கழிவுக் கலனில் சேர்த்துவிட வேண்டும்.

இந்தச் சோதனையின் கூர்மையே அதன் தொல்லையும். ஒரு லிட்டர் நீரில் சில்வர் குளோரைடு சுமார் 2 மில்லிகிராம்தான் கரையும். குழாய் நீரில் இருக்கும் குளோரைடு இதற்கு வேண்டியதைவிட மிக அதிகம். குழாய் நீரில் கழுவிய சோதனைக்குழாயை வாலை வடிநீரில் அலசாமல் எடுத்தால் எந்த உப்பிலும் குளோரைடு "இருக்கும்". அதனால்தான் வெற்றுச் சோதனை. உப்பே இல்லாமல், அதே நீர், அதே அமிலம், அதே கரணியை (சோதனைக்காகச் சேர்க்கும் வேதிப்பொருளை) இன்னொரு குழாயில் சேர்த்துப் பாருங்கள். அதிலும் கலங்கினால் உங்கள் சோதனை உப்பைப் பற்றி எதையும் சொல்லவில்லை. பள்ளியில் இதற்கு யாரும் மதிப்பெண் கொடுப்பதில்லை என்பது எனக்கு வருத்தம்தான். இரண்டு நிமிடம்கூட ஆகாத இந்தப் பழக்கத்தைப் போல் தவறான விடைகளைத் தடுத்த வேறெதையும் நான் பார்த்ததில்லை.

வாயுக்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். நீர்த்த அமிலம் பட்டதும் நுரைத்துப் பொங்கி, வெளிவரும் வாயு சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கினால் கார்பனேட் என்று எழுதுவோம். கந்தக டை ஆக்சைடும் சுண்ணாம்பு நீரைப் பால்போல் ஆக்கும். ஆகவே வாயுவை முதலில் அமிலப்படுத்திய பொட்டாசியம் டைகுரோமேட் தாளில் காட்டுங்கள். ஆரஞ்சு பச்சையானால் சல்பைட்டு. மாறாவிட்டால்தான் சுண்ணாம்பு நீரின் சாட்சியம் கார்பனேட்டுக்குச் சாதகமாகும். உங்கள் தேர்வில் முதல் படியாக உப்பின் மேல் சில துளி நீர்த்த அமிலத்தை விட்டிருந்தாலே பேரியம் குளோரைடு வரை போயிருக்க வேண்டியதில்லை. நீர்த்த அமிலம், பிறகு அடர் கந்தக அமிலம், அதன் பிறகு கரைசல் சோதனைகள் என்ற வரிசை சடங்கு இல்லை. ஒவ்வொரு படியும் அடுத்த படியில் குழப்பக்கூடியவர்களை முன்கூட்டியே வெளியேற்றுகிறது.

நைட்ரேட் இந்த விளையாட்டில் தனி ரகம். பொதுவான நைட்ரேட்டுகள் எல்லாமே நீரில் கரையும் என்பதால் வீழ்படிவாக்கிப் பிடிக்க முடியாது. பழுப்பு வளையச் சோதனையில் நைட்ரேட்டை இரும்பு(II) அயனி நைட்ரிக் ஆக்சைடாக ஒடுக்குகிறது. மிஞ்சியிருக்கும் இரும்பு(II) அந்த நைட்ரிக் ஆக்சைடைப் பிடித்துப் பழுப்பு நிற அணைவாகிறது. இரும்பு(II) உப்பான ஃபெரஸ் சல்பேட்டின் கரைசல் புதிதாக இருக்க வேண்டும் என்பது, பழைய கரைசலில் இரும்பு(II) காற்றுப் பட்டு இரும்பு(III) ஆகியிருக்கும் என்பதால். அடர் கந்தக அமிலத்தைக் குழாயின் பக்கவாட்டில் மெதுவாக வழியவிடுவது, அதன் அடர்த்தி நீரைப் போல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு என்பதால். அது அடியில் தனி அடுக்காக நிற்க, இரண்டும் சந்திக்கும் இடத்தில் மட்டும் வளையம் தோன்றும். குலுக்கினால் சூடேறி அணைவு சிதைந்துவிடும். ஆனால் நைட்ரைட் இருந்தால் நீர்த்த அமிலத்திலேயே இந்தப் பழுப்பு வரும். புரோமைடும் அயோடைடும் அடர் அமிலத்தால் புரோமினையும் அயோடினையும் விடுவித்துத் தம் பங்குக்கு ஒரு பழுப்பைக் காட்டும். இந்த மூன்றும் இல்லை என்று முன்பே தெரிந்தால்தான் வளையம் நைட்ரேட்டைக் குறிக்கும். இங்கே உறுதியானதையும் விவாதத்துக்குரியதையும் பிரித்துச் சொல்கிறேன். வளையம் வருவதும் அதற்குக் காரணம் இரும்பு, நைட்ரிக் ஆக்சைடு அணைவு என்பதும் உறுதி. அந்த அணைவில் இரும்பின் ஆக்சிஜனேற்ற எண் +1 என்று பல பாடநூல்கள் எழுதுகின்றன. பின்னால் வந்த நிறமாலை ஆய்வுகள் இரும்பு +3 என்றும் நைட்ரோசில் எதிர்மின்சுமை தாங்குகிறது என்றும் கொள்ளும் விளக்கத்தை ஆதரிப்பவை. தேர்வில் உங்கள் பாடநூல் சொல்வதை எழுதுங்கள். சோதனையின் பயன் இந்த எண்ணைப் பொறுத்தது இல்லை.

கார உறுப்புகளுக்கு, அதாவது நேர்மின் அயனிகளுக்கு, வரும்போதுதான் விலக்கும் கலையின் உச்சத்தைப் பார்க்கலாம். ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ரெமிகியுஸ் பிரெசீனியுஸ் 1841ஆம் ஆண்டு, 22 வயதில், ஹைட்ரஜன் சல்பைடைக் கொண்டு உலோக அயனிகளை வரிசையாகப் பிரிக்கும் முறையை நூலாக வெளியிட்டார். இன்றைய பள்ளித் தொகுதிப் பிரிப்பின் எலும்புக்கூடு அதுதான். மாணவர்கள் இதைத் தொகுதிகள் என்ற ஆறு பெட்டிகளாக மனப்பாடம் செய்கிறார்கள். நான் இதை ஒன்றன்பின் ஒன்றாக வைத்த சல்லடைகள் என்று சொல்லிக்கொடுப்பேன். ஒரு சல்லடையில் நிற்க வேண்டியவை முழுவதும் நின்றுவிட்டால்தான் அடுத்த சல்லடை நேர்மையாக வேலை செய்யும்.

இரண்டாம் தொகுதிக்கும் நான்காம் தொகுதிக்கும் கரணி ஒன்றே, ஹைட்ரஜன் சல்பைடு. வேறுபாடு, முன்னதில் அமில ஊடகம், பின்னதில் அம்மோனியா ஊடகம். ஹைட்ரஜன் சல்பைடு மிக வலிமை குன்றிய அமிலம். கரைசலில் ஹைட்ரஜன் அயனி நிறைந்திருந்தால் சல்பைடு அயனியின் அளவு கிட்டத்தட்ட இல்லாத அளவுக்கு அமுங்கிவிடும். காப்பர் சல்பைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻³⁶ என்ற அளவில் இருப்பதால் அந்தத் துளியூண்டு சல்பைடே அதற்குப் போதும், கருப்பாக வீழும். சிங்க் சல்பைடின் மதிப்பு 10⁻²⁴ என்ற அளவில் இருக்கிறது. அதற்கு அது போதாது, கரைசலிலேயே இருந்துவிடும். அம்மோனியா ஊற்றி ஹைட்ரஜன் அயனியை நீக்கியதும் சல்பைடு பெருகி, சிங்க் வெண்மையாக இறங்கும். அமிலத்தைச் சேர்க்க மறந்தால் நான்காம் தொகுதி இரண்டில் வந்து நிற்கும். தாராளமாகக் கொட்டினால் காட்மியம் வீழாமல் தப்பிவிடும்.

மூன்றாம் தொகுதியில் அம்மோனியம் ஹைட்ராக்சைடுக்கு முன்பு அம்மோனியம் குளோரைடைச் சேர்க்கச் சொல்வதும் இதே உத்திதான். இரண்டுக்கும் பொதுவான அம்மோனியம் அயனி மிகுவதால் (பொது அயனி விளைவு) ஹைட்ராக்சைடு அயனி அமுங்கும். ஃபெரிக் ஹைட்ராக்சைடின் கரைதிறன் பெருக்கம் 10⁻³⁸ அளவில் இருக்கிறது, அது எப்படியும் வீழ்ந்துவிடும். மெக்னீசியம் ஹைட்ராக்சைடுக்கு 10⁻¹¹ அளவு, அது வீழாமல் கடைசித் தொகுதிவரை காத்திருக்கும். வரிசையை மாற்றிச் சேர்த்தால் மெக்னீசியம் மூன்றாம் தொகுதியிலேயே வெண்மையாக எட்டிப்பார்த்து, அலுமினியம் என்று எழுத வைத்துவிடும். அதற்கு முன்பு இரண்டாம் தொகுதியின் வடிநீரைக் கொதிக்க வைத்து ஹைட்ரஜன் சல்பைடை விரட்டி, அடர் நைட்ரிக் அமிலம் சில துளி விடச் சொல்வது ஏன்? ஹைட்ரஜன் சல்பைடு இரும்பு(III) அயனியை இரும்பு(II) ஆக ஒடுக்கியிருக்கும். இரும்பு(II) இந்த ஊடகத்தில் முழுமையாக வீழாது. நைட்ரிக் அமிலம் அதை மறுபடி மூன்றாக்குகிறது. ஹைட்ரஜன் சல்பைடை விரட்டாமலே அமிலத்தை விட்டால் கந்தகம் பிரிந்து கரைசல் வெண்மையாகக் கலங்கும், அதையும் யாராவது வீழ்படிவு என்று எழுதுவார்கள். அம்மோனியம் அயனியை மூல உப்பிலேயே முதலில் தேடிவிட வேண்டும் என்பதற்கும் காரணம் இப்போது தெரிந்திருக்கும். இந்தப் பயணத்தில் நாமே அம்மோனியம் உப்புகளை அள்ளி ஊற்றுகிறோம்.

ஐந்தாம் தொகுதியில் வரிசையின் அருமையைச் சுருக்கமாகப் பார்க்கலாம். கார்பனேட் வீழ்படிவை அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, முதலில் பொட்டாசியம் குரோமேட் சேர்த்தால் பேரியம் மட்டும் மஞ்சளாக வீழும். பேரியம் இல்லை என்றால் அம்மோனியம் சல்பேட் ஸ்ட்ரான்சியத்தைப் பிடிக்கும். அதுவும் இல்லை என்றால்தான் அம்மோனியம் ஆக்சலேட்டால் கால்சியத்தைத் தேடலாம். ஆக்சலேட்டை முதலில் சேர்த்தால் மூன்றுமே வெண்மையாக வந்து நிற்கும். ஆக்சலேட் சோதனை கால்சியத்துக்கு உரியது என்று மட்டும் படித்தவர், எந்த நிலையில் அது உரியது என்பதைப் படிக்கவில்லை.

கரைசலில் சில துளி சோடியம் ஹைட்ராக்சைடு விட்டால் வெண்ணிற வீழ்படிவு, மிகுதியாக விட்டால் கரைகிறது. இதைப் பார்த்தவுடன் பலர் அலுமினியம் என்கிறார்கள். சிங்கும் காரீயமும் அப்படியே செய்யும். சோடியம் ஹைட்ராக்சைடுக்குப் பதில் அம்மோனியாக் கரைசலை மிகுதியாக ஊற்றினால் சிங்க் மட்டும் அணைவாகிக் கரையும். மீதி இரண்டில் பொட்டாசியம் அயோடைடு காரீயத்தைப் பிரித்துவிடும், பளிச்சென்ற மஞ்சள் லெட் அயோடைடு. அந்த மஞ்சளை நீரோடு சூடாக்கிக் கரைத்து, குழாயை அசைக்காமல் ஆறவிட்டுப் பாருங்கள். பொற்துகள்கள் மிதந்து இறங்குவதைப் போன்ற காட்சி அது. எத்தனை ஆண்டுகள் பார்த்தும் எனக்கு அலுக்கவில்லை. அதன் பின் அந்தக் காரீயக் கழிவைத் தொட்டியில் கொட்டாமல் தனியே சேர்க்க வேண்டும் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

சோதனை சரியாக நடந்தும் விடை தவறாகப் போகும் இடம் ஒன்று உண்டு. இரும்பு(III) அயனிக்குத் தயோசயனேட் மிக நுண்ணிய சோதனை, சுவடளவு இருந்தாலும் சிவக்கும். ஃபெரஸ் சல்பேட் புட்டியில் காற்றுப் பட்டு உருவான இரும்பு(III) எப்போதும் கொஞ்சம் இருக்கும். அதனால் ஃபெரஸ் உப்பும் தயோசயனேட்டில் இளஞ்சிவப்பைக் காட்டும். அயனி இருக்கிறது என்பது உண்மை, உப்பு அதனால் ஆனது என்பது பொய். சோடியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்துப் பாருங்கள். முதலில் அழுக்குப் பச்சையாக வீழ்ந்து மேற்பரப்பில் மெல்லப் பழுப்பானால் பெரும்பகுதி இரும்பு(II), ஆரம்பத்திலேயே செம்பழுப்பாக வீழ்ந்தால் இரும்பு(III). நுண்மை மிகுந்த சோதனை எப்போதும் சிறந்த சோதனை ஆகிவிடாது. இரும்பு(II) அயனியோடு ஃபெரிசயனைடு தரும் நீலத்தையும் இரும்பு(III) அயனியோடு ஃபெரோசயனைடு தரும் நீலத்தையும் டர்ன்புல் நீலம், பிரஷ்ய நீலம் என்று நெடுங்காலம் இரண்டு பொருள்களாகக் கருதினார்கள். பிறகுதான் இரண்டும் ஒன்றே என்று தெரியவந்தது. நீலம் ஒன்றாக இருந்தாலும் எந்தக் கரணியைச் சேர்த்தோம் என்பதே நமக்கு விடை சொல்கிறது.

உப்பைக் கம்பியில் எடுத்துச் சுடரில் காட்டி நிறம் பார்க்கும் சுடர் சோதனையைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. சோடியத்தின் 589 நானோமீட்டர் மஞ்சள், விரல் பட்ட கம்பியிலிருந்தும் வரும். அதை மறைத்துப் பொட்டாசியத்தின் இளம் ஊதாவைப் பார்க்கவே நீல நிறக் கோபால்ட் கண்ணாடி. கால்சியத்தின் செங்கல் சிவப்பும் ஸ்ட்ரான்சியத்தின் அடர் சிவப்பும் அருகருகே காட்டினால் தெரியும், தனித்தனியாகக் காட்டினால் குழப்பும். புன்சனும் கிர்ச்சாஃபும் இதே சுடரை முப்பட்டகத்தின் வழியே பார்த்து 1860இல் சீசியத்தையும் 1861இல் ருபீடியத்தையும் கண்டுபிடித்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தவை துல்லியமான நிறக்கோடுகள். வெறும் கண்ணுக்குக் கிடைப்பது ஒரு குறிப்பு மட்டுமே, அதைத் தொகுதிப் பிரிப்பைச் சரிபார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறையின் எல்லைகளையும் சொல்லிவிட வேண்டும். வராத வீழ்படிவைக் கொண்டு "இந்த அயனி இல்லவே இல்லை" என்று எழுத முடியாது, "இந்தச் சோதனைக்கு எட்டும் அளவில் இல்லை" என்றுதான் எழுதலாம். லெட் குளோரைடு ஒரு லிட்டரில் சுமார் 10 கிராம் கரையக்கூடியது. நீர்த்த கரைசலில் காரீயம் முதல் தொகுதியைத் தாண்டி இரண்டாம் தொகுதியில் வந்து நிற்பது அதனால்தான். பாஸ்பேட், ஆக்சலேட், ஃபுளூரைடு, போரேட் போன்றவை இருந்தால் மூன்றாம் தொகுதியில் கால்சியமும் பேரியமும் தவறாக வீழ்ந்துவிடும், அவற்றை முதலில் நீக்க வேண்டும். மணத்தை வைத்து முடிவு செய்வதையும் நான் ஊக்குவிப்பதில்லை. ஹைட்ரஜன் சல்பைடின் அழுகிய முட்டை நாற்றம் மிகக் குறைந்த அளவிலேயே தெரியும், ஆனால் காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு என்ற அளவை எட்டும்போது மூக்கு மரத்து நாற்றமே தெரியாமல் போகும். நாற்றம் நின்றது ஆபத்து நீங்கியதற்கு அடையாளம் இல்லை. லெட் அசிடேட் தாள் கருப்பதைப் பாருங்கள், வெளியேற்றுப் பெட்டியில் வேலை செய்யுங்கள். குளோரைடைக் கண்டறியும் குரோமைல் குளோரைடு சோதனை அழகானது, ஆனால் அதில் பயன்படும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது. வெள்ளி, பாதரசக் குளோரைடுகளில் அது சரியாக வேலை செய்வதும் இல்லை. சில்வர் நைட்ரேட்டால் தெளிவாக முடிவு கிடைக்கும்போது அதைச் செய்யத் தேவையில்லை என்பது என் கருத்து. உங்கள் பாடத்திட்டம் கேட்டால் ஆசிரியர் அருகில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள்.

மனப்பாடத்தைப் பற்றிய உங்கள் கேள்விக்கு, ஆம், கொஞ்சம் செய்யத்தான் வேண்டும். எந்த உப்புகள் நீரில் கரையும், எவை கரையாது என்ற பொது விதிகள், எந்த அயனிகள் வலிமை குன்றிய அமிலங்களின் பிள்ளைகள், எந்த உலோகங்கள் அம்மோனியாவோடு அணைவாகும், எந்த ஹைட்ராக்சைடுகள் காரத்தில் கரையும். இந்த நான்கும் ஒரு பக்கத்தில் அடங்கும். அட்டவணையின் பெரும்பகுதியை இவற்றிலிருந்தே நீங்களே எழுதிக்கொள்ளலாம். பிறகு ஒவ்வொரு சோதனைக்கும் எதிரே, "இதே காட்சியை வேறு யார் தருவார்கள், அவர்களை எந்தப் படி விலக்கியது" என்று ஒரு வரி எழுதுங்கள். அந்த வரியை எழுத முடியாத சோதனையை நீங்கள் இன்னும் படிக்கவில்லை என்று பொருள்.

அடுத்த முறை ஆய்வகத்துக்குப் போகும்போது தெரியாத உப்பைத் தொடுவதற்கு முன் ஆசிரியரிடம் கேட்டு இரண்டு தெரிந்த உப்புகளை எடுங்கள், ஒரு குழாயில் சோடியம் சல்பேட், இன்னொன்றில் சோடியம் கார்பனேட். வாலை வடிநீரில் கரைத்து இரண்டிலும் பேரியம் குளோரைடு விடுங்கள். இரண்டும் ஒரே வெள்ளையாக நிற்கும், எது எது என்று உங்களால் சொல்ல முடியாது. பிறகு இரண்டிலும் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் துளித்துளியாக விடுங்கள். ஒன்றில் குமிழ்கள் எழுந்து கரைசல் நீர்போல் தெளியும். மற்றொன்றில் எவ்வளவு அமிலம் விட்டாலும் அந்த வெள்ளை அப்படியே அடியில் கிடக்கும்.